சலவை செய்யப்பட்ட பாலைவனம்

"நீங்கள் பார்த்தது லாரன்ஸ் அல்ல, லாரன்ஸின் அஞ்சலட்டை."

சென்ற தை மாதம் ஜவ்வாது மலையில் நாங்கள் ஏழு பேர் கூடி டேவிட் லீனின் 'லாரன்ஸ் ஆஃப் அரேபியா'வை ப்ளூ-ரே தகட்டில் பார்த்தோம். அதைக் கேள்விப்பட்ட எங்கள் மூத்த நண்பர் ஒருவர் உதிர்த்த வாக்கியம் இது. அவர் நாங்கள் பெரிதும் மதிக்கும் வாசகர். எழுபதுகளில் சென்னையில் படித்தவர். தேவி திரையரங்கின் அகன்ற திரையில் 70 எம்.எம். படங்களைக் கண்டு வளர்ந்தவர். அவ்வாக்கியத்தின் அழகில் நாங்களும் சிறிது நேரம் மயங்கித்தான் இருந்தோம். மலையிறங்கிய பிறகு கோபம் வந்தது. இக்கட்டுரை அக்கோபத்தின் விளைவு என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறோம்.

நாங்கள் பார்த்த இடத்தைச் சொல்லவேண்டும். ஜமுனாமரத்தூருக்கு அப்பால், எங்களில் ஒருவரின் உறவினருக்குச் சொந்தமான ஓட்டுவீடு. கூடத்துச் சுவரில் பத்தடி அகலத்துக்குத் தைத்த வெள்ளைத்துணி. ஒரு புரொஜக்டர், ப்ளூ-ரே பிளேயர், இரண்டு ஸ்பீக்கர், மின்சாரம் போனால் கைகொடுக்க ஓர் இன்வெர்ட்டர். சாமைச்சோறு உண்டு, கம்பளியைப் போர்த்திக்கொண்டு அமர்ந்தோம். வீட்டைப் பார்த்துக்கொள்பவரின் மகன், ஏழாம் வகுப்பு படிப்பவன், எங்களுக்கு முன்னால் தரையில் குந்தியிருந்தான். ஆங்கிலமும் தெரியாது, அரேபியாவும் தெரியாது.

கிணற்றடிக் காட்சி வந்தது. லாரன்ஸும் அவனுடைய வழிகாட்டியும் நீரருந்த நிற்கிறார்கள். தொலைவில் கானல். அக்கானலுக்குள்ளிருந்து ஒமர் ஷரீப் ஒட்டகத்தின்மேல் வரப்போகிறார் என்பது எங்கள் அனைவருக்கும் தெரியும். டிவிடி காலத்திலிருந்து எத்தனையோ முறை பார்த்த காட்சி. தெரிந்தே காத்திருந்தோம். ஆயினும் எங்களுக்கு முன்பாகவே அச்சிறுவன் கைநீட்டினான்: "அண்ணா, தோ... அங்க ஒரு ஆளு வராரு."

இருந்தார். ஒரு மயிரிழை அளவுக்கு, நடுங்கும் வெப்பத்துக்குள், ஒரு கரும்புள்ளியாக. டிவிடியில் நாங்கள் பார்த்தபோதெல்லாம் அப்புள்ளி ஒரு கறையாகப் பருத்த பின்னரே கண்ணில் பட்டிருக்கிறது. அதற்கு முன்பிருந்த கணங்கள், அதாவது ஒளிப்பதிவாளர் ஃப்ரெடி யங் 482 எம்.எம். தொலைவில்லையைக் கொண்டு எதற்காகக் காத்திருந்தாரோ அந்தக் கணங்கள், எங்களைப் பொறுத்தவரை வெறும் மணலாகவே இருந்தன. மூத்த நண்பர் அஞ்சலட்டை என்று சொல்வது இதைத்தான்.

இனி அவருடைய வாதத்துக்கு வருவோம். 65 எம்.எம். நெகட்டிவில் எடுத்து 70 எம்.எம். பிரதியாக ஓட்டப்பட்ட ஒரு படத்தின் ஒவ்வொரு சட்டகமும் சாதாரண 35 எம்.எம். சட்டகத்தைப்போல் மூன்று மடங்குக்கும் மேற்பட்ட பரப்பு உடையது. அதை ஒரு தகட்டில் அடக்குவது கடலைக் குடத்தில் மொள்வது என்கிறார். உண்மை. ப்ளூ-ரேயின் சட்டகம் 1920-க்கு 1080 புள்ளிகள். லாரன்ஸின் 2.20 என்ற அகல விகிதத்துக்கு அதில் மேலும் கீழும் கருப்புப்பட்டை போக மிஞ்சுவது ஏறத்தாழ 873 வரிகள். 'பென்-ஹர்' போன்ற 2.76 விகிதப் படமென்றால் 700 வரிகூடத் தேறாது. நெகட்டிவில் உள்ளதை இது முழுதாகத் தாங்காது. அதனால்தான் லாரன்ஸை 2012-இல் மீட்டெடுத்தபோது சோனி நிறுவனம் அதை 8கே அளவில் ஸ்கேன் செய்தது. ஆனால் அதே காட்சிக்கு டிவிடியில் கிடைத்தவை ஏறத்தாழ 465 வரிகள் மட்டுமே என்பதையும், அகலவாட்டில் 720 புள்ளிகளே என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். குடத்துக்கும் சங்குக்கும் வேறுபாடு உண்டு. ஒமர் ஷரீப் சங்கில் காணாமற்போனார், குடத்தில் இருந்தார்.

அளவு பற்றியும் ஒரு கணக்குண்டு. பத்தடித் திரையைப் பத்தடி தொலைவிலிருந்து பார்த்தால் அது கண்ணில் விரிக்கும் கோணம் ஏறத்தாழ 53 பாகை. அறுபதடித் திரையை அறுபதடி தள்ளிப் பார்ப்பவருக்கும் அதே 53 பாகைதான். உடல் உணரும் பிரம்மாண்டம் வேறு என்பதை மறுக்கவில்லை. ஆயிரம் பேர் ஒருசேர மூச்சடக்கும் நிசப்தத்தை எந்தக் கருவியும் தராது. ஆனால் இருட்டில் நாங்கள் யாருக்கும் குறைந்தவர்களல்லர். நகரத் திரையரங்கில் வெளியேறும் வழிக்கான சிவப்பு விளக்கு படம் முழுக்க எரியும். இங்கே கதவைத் திறந்தால் விண்மீன்களைத் தவிர வேறு வெளிச்சமில்லை. வானியலாளர் வைணு பாப்பு தம் ஆய்வகத்துக்கு இடம் தேடி இதே மலையின் காவலூரைத் தேர்ந்தெடுத்தது சும்மா அல்ல.

நினைவின் தூய்மை பற்றி நண்பர் அதிகம் பேசுவார். அவரை ஒரு கேள்வி கேட்க விரும்புகிறோம். அவர் பார்த்தது எந்த லாரன்ஸ்? 1962 டிசம்பரில் முதன்முதலாகத் திரையிடப்பட்டபோது அப்படம் 222 நிமிடங்கள். சில வாரங்களுக்குள் இருபது நிமிடங்களை வெட்டினார்கள். 1970-களின் தொடக்கத்து மறுவெளியீட்டில் இன்னும் வெட்டி 187 நிமிடமாக்கினார்கள். ராபர்ட் ஹாரிஸ் உலகெங்கும் துண்டுகளைத் தேடியெடுத்து, லீன் உயிரோடிருந்தபோதே அவர் மேற்பார்வையில் 1989-இல் சீர்செய்தது 216 நிமிடப் பதிப்பு. எங்கள் துணித்திரையில் ஓடியது அது. எழுபதுகளில் தாம் கண்டது எந்த வெட்டு என்று நண்பர் சொல்லமுடியாது. அன்று எவரும் அதைப் பார்வையாளருக்குச் சொன்னதுமில்லை. முழு அஞ்சலட்டை, அரைக் கடிதத்தைவிட மோசமா?

எங்களில் பெரும்பாலோர் திருப்பத்தூரிலும் போளூரிலும் வளர்ந்தவர்கள். எங்களுக்கு 70 எம்.எம். என்பது சுவரொட்டியில் படித்த எழுத்து. 'மெக்கன்னாஸ் கோல்ட்' ஊருக்கு வந்தபோது ஓடியது சுருக்கப்பட்ட 35 எம்.எம். பிரதி. மழைபோல் கோடுகள். ஆபரேட்டர் இரண்டாம் ஆட்டத்தைச் சீக்கிரம் முடிக்க ஒரு ரீலை விழுங்கியதும் உண்டு. அன்று நாங்கள் எதையோ இழக்கிறோம் என்பதுகூட எங்களுக்குத் தெரியாது. இன்றோ தமிழ்நாட்டுத் திரையரங்குகளில் படச்சுருளே ஓடுவதில்லை. எல்லாம் டிஜிட்டலுக்கு மாறிப் பத்தாண்டுக்கு மேலாகிறது. இல்லாத திரையரங்கைக் காட்டி, இருக்கும் தகட்டைப் பழிப்பதற்குப் பெயர் ரசனை அல்ல. அது முன்னாள் நகரவாசியின் குலப்பெருமை.

இந்தத் தூய்மைவாதத்தினால் நேரும் உண்மையான கேடு வேறு. "வீட்டில் பார்ப்பதே போலி" என்று கதவடைத்துவிடுவதால், வீட்டுக்கு வரும் தகடுகளில் எது ஒழுங்கானது, எது மோசடி என்று அவர்கள் பிரித்தறிவதில்லை. எல்லாம் போலியென்றால் எந்தப் போலி எப்படிப் போனால் என்ன? அதனால் மெய்யான குற்றவாளிகள் தப்பிவிடுகிறார்கள்.

யார் அவர்கள்? சலவைக்காரர்கள். படச்சுருள் என்பது ஒளிபட்டு விளைந்த நுண்துகள்களால் ஆனது. அத்துகள்களே முகத்தின் தோல், துணியின் நெசவு, மணலின் மணல். அது பழைய படத்தின் அழுக்கு என்று எவரோ முடிவுகட்டி, கணினியைக் கொண்டு துடைக்கிறார்கள். துடைக்கும்போது துகளோடு தோலும் போகிறது. 65 எம்.எம்.-இல் எடுக்கப்பட்ட 'பேட்டன்' படத்தின் 2008-ஆம் ஆண்டு ப்ளூ-ரேயில் ஜார்ஜ் ஸ்காட்டின் முகம் மெழுகுச்சிலையாக இருந்தது. 'ஸ்பார்ட்டகஸ்' 2010-இல் வந்தபோதும் இதே கதி. கண்ணுள்ளவர்கள் கூச்சலிட்டார்கள். விளைவாக 'பேட்டன்' 2012-இலும், 'ஸ்பார்ட்டகஸ்' முறையாக மீட்டெடுக்கப்பட்டு 2015-இலும் மறுபடி வெளிவந்தன. கூச்சலிட்டவர்கள் தேவி திரையரங்கை நினைத்து ஏங்கியவர்கள் அல்லர். தகட்டை உட்கார்ந்து சட்டகம் சட்டகமாகப் பார்த்தவர்கள்.

இங்கே காவலூரை மீண்டும் அழைக்க வேண்டியிருக்கிறது. 1977 மார்ச் 10-ஆம் நாள் யுரேனஸ் கிரகம் ஒரு விண்மீனை மறைத்துக் கடக்க இருந்தது. காவலூரின் ஒரு மீட்டர் தொலைநோக்கியில் ஜே.சி. பட்டாச்சார்யாவும் கே. குப்புசாமியும் அந்த விண்மீனின் ஒளியைப் பதிவுசெய்துகொண்டிருந்தார்கள். கிரகம் அதை எட்டுவதற்கு முன்பே ஒளி சில நொடிகள் மங்கி மீண்டது. பதிவுக்கோட்டில் ஒரு சிறு பள்ளம். யுரேனஸுக்கு வளையங்கள் உண்டு என்பது அந்த நிகழ்வின்போதுதான் உலகுக்குத் தெரியவந்தது. அமெரிக்கக் குழுவொன்று விமானத்திலிருந்தும் அதைக் கண்டது. இன்றைய சலவைக்காரர் ஒருவர் அன்று காவலூரில் இருந்திருந்தால் என்ன செய்திருப்பார் என்று நாங்கள் அன்றிரவு முற்றத்தில் நின்று பேசிச் சிரித்தோம். கோட்டில் இருந்த பள்ளத்தை இரைச்சல் என்று தேய்த்துச் சமமாக்கி, பளபளப்பாக அச்சிட்டுக் கொடுத்திருப்பார். மிகையல்ல. தானியங்கித் தூசுநீக்கிகள் மழைத்துளியையும் தீப்பொறியையும் தூசு என்று எண்ணி அழிப்பது இத்துறையில் எல்லோரும் அறிந்த சங்கதி.

இது ஹாலிவுட்காரர்களின் பிரச்சினை, நமக்கென்ன என்று கேட்கலாம். நமக்குத்தான் தலைக்குமேல் வெள்ளம். சலவைகூட இங்கே இரண்டாம் குற்றம். முதற்குற்றம் கத்தரி.

பி.ஆர். பந்துலுவின் 'கர்ணன்' 1964-இல் வந்தது. 2012 மார்ச்சில் டிஜிட்டலில் புதுப்பிக்கப்பட்டு, டி.டி.எஸ். ஒலியோடு, சினிமாஸ்கோப்பில் மறுபடி வெளியாயிற்று. கூட்டம் அலைமோதியது. நாங்களும் போனோம், சிவாஜியைப் பெரிய திரையில் கண்டு கைதட்டியவர்கள்தாம். அந்த வெற்றிக்குப் பின் 'திருவிளையாடல்', 'ஆயிரத்தில் ஒருவன்', 'வீரபாண்டிய கட்டபொம்மன்' என்று பழைய படங்கள் வரிசையாக மறுவெளியீடு கண்டன. மறைந்துபோகவிருந்த நெகட்டிவ்களைத் தேடிச் செலவழித்தவர்களின் உழைப்பை நாங்கள் இகழவில்லை.

ஆனால் ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பாருங்கள். தமிழின் முதல் சினிமாஸ்கோப் படம் 1973-இல் வந்த 'ராஜராஜ சோழன்'. அதற்கு ஒன்பதாண்டு முன்பு எடுக்கப்பட்ட 'கர்ணன்' அகலத்திரைக்காக எடுக்கப்பட்டதே அல்ல. அதன் சட்டகம் பழைய சதுரத்தை ஒட்டியது, 1.37-க்கு ஒன்று. அதை 2.35-க்கு ஒன்று என்ற அகலத்தில் நிறைக்க இரண்டே வழிகள். பக்கவாட்டில் இழுக்கலாம், மனிதர்கள் குட்டையாகிப் பருப்பார்கள். அல்லது மேலும் கீழும் வெட்டலாம். வெட்டினால் நூற்றில் நாற்பது பங்குக்கும் மேல் போய்விடும். ஒளிப்பதிவாளர் ஒளியமைத்து, கலை இயக்குநர் தூண் எழுப்பி, நடிகர் நின்று நிறைத்த இடத்தில் ஐந்தில் இரண்டு பங்கு! அக்காலத் தமிழ்ப்படம் நாடக மேடையிலிருந்து வந்தது. அரசவைக் காட்சிகளில் உச்சி முதல் பாதம் வரை ஆளை முழுதாக நிறுத்துவதே அதன் இலக்கணம். அதை வெட்டினால், கிரீடம் இருக்கும் இடத்தில் கால் இராது. நடையைப் பார்க்கலாமென்றால் கிரீடம் இராது. சிவாஜி கணேசன் என்ற நடிகரின் நடையை வெட்டிவிட்டு எதை மீட்டதாகச் சொல்கிறோம்?

இலக்கியம் படிப்பவர்களுக்கு இதை விளக்க நெடுந்தூரம் போகவேண்டியதில்லை. உ.வே. சாமிநாதையர் 1894-இல் புறநானூற்றைப் பதிப்பித்தபோது ஏடு சிதைந்த இடங்களில் புள்ளியிட்டுச் சென்றார். தம் கைச்சரக்கைச் சேர்த்து அடிகளை நிரப்பவில்லை. பக்கத்தின் அழகுக்காக நீண்ட பாட்டைக் குறுக்கவுமில்லை. பாடபேதங்களைக் குறித்துவைத்தார். அவர் வழிவந்த மொழியில், ஒரு திரைப்படத்தைப் பதிப்பிக்கும்போது மட்டும் அளவு பார்த்து வெட்டுவது எப்படி நமக்கு உறுத்தாமல் போயிற்று? புறநானூற்றின் நானூறு பாட்டையும் நான்கு நான்கு அடியாக வெட்டிக் 'கைபேசிப் பதிப்பு' என்று ஒருவர் வெளியிட்டால் நாம் என்ன எழுதுவோம்?

வெட்டுவதெல்லாம் குற்றமா என்று எங்களுக்குள்ளேயே ஒருவர் மடக்கினார். நல்ல கேள்வி. 'ஷோலே' (1975) 35 எம்.எம்.-இல் எடுக்கப்பட்டு, பின்னர் 70 எம்.எம்.-க்குப் பெருக்கப்பட்ட படம். பெருக்கும்போது மேலும் கீழும் போகத்தான் செய்தது. ஆனால் அகலத்திரைக்குப் போகப்போகிறோம் என்பதை எண்ணியே ரமேஷ் சிப்பியும் ஒளிப்பதிவாளர் துவாரகா திவேசாவும் காட்சிகளை அமைத்தார்கள். ஆகவே அங்கே அகலச் சட்டகமே அவர்களுடைய சட்டகம். ஃபிலிம் ஹெரிட்டேஜ் ஃபவுண்டேஷன் அப்படத்தை 4கே-யில் மீட்டு, 2025 ஜூனில் இத்தாலியின் பொலோன்யா விழாவில் திரையிட்டபோது, 70 எம்.எம். பிரதி ஒன்றுகூட எஞ்சியிராத நிலையிலும் அதே 2.2 விகிதத்தைப் பேணியது. எடுத்தவர்கள் எதைக் கருதினார்கள் என்பதே அளவுகோல். இன்றைய தொலைக்காட்சிப் பெட்டி எவ்வளவு அகலம் என்பதற்கு இங்கே வேலையில்லை.

தமிழின் முதல் 70 எம்.எம். படமாகிய 'மாவீரன்' (1986) அந்த வடிவத்தில், ஆறுதட ஒலியோடு இன்று எங்கே காணக்கிடைக்கும்? ரஜினிகாந்த் படத்துக்கே இக்கேள்வி என்றால் மற்றவை எம்மட்டு? கலைப்படைப்பா என்ற விவாதம் வேறு. ஒரு தொழில்நுட்ப வரலாற்றின் முதல் ஆவணம் அது.

2007-இல் மோசர் பேயர் 28 ரூபாய்க்கு விசிடியும் 34 ரூபாய்க்கு டிவிடியும் விற்றபோது நாங்கள் மூட்டையாக வாங்கி மலைக்குக் கொண்டுபோனவர்கள். மலிவு விலையில் எத்தனையோ படங்கள் முதன்முதலாகக் கைக்கு வந்தன, நன்றி உண்டு. ஆனால் அக்காலத்துத் தமிழ்த் தகடுகள் பலவற்றில் நெற்றியில் ஒட்டிய நாணயம்போல் மூலையில் ஒரு நிறுவனச் சின்னம் படம் முழுக்க நிற்கும். அழும் கதாநாயகியின் கன்னத்தின்மேல் தொலைபேசி எண் ஓடியதையும் கண்டிருக்கிறோம். அதை நாம் பொறுத்துக்கொண்டோம். பொறுத்துக்கொண்டதன் தொடர்ச்சியாகவே இன்றைய கத்தரியையும் பொறுக்கிறோம்.

ரேயின் 'அப்பு' படங்களின் நெகட்டிவ்கள் 1993-இல் லண்டன் தீவிபத்தில் கருகின. கருகியவற்றையே மீட்டெடுத்து, 2015-இல் உரிய சட்டகத்தோடு தகடாக வெளியிட்டார்கள். எரிந்துபோனதை மீட்கும் காலத்தில் எரியாததை நாம் வெட்டிக்கொண்டிருக்கிறோம்.

"இணையத்தில் எல்லாம் கிடைக்கிறதே, தகடு எதற்கு?" என்பார்கள். ஜமுனாமரத்தூரில் வந்து அலைபேசியைக் கையில் தூக்கிப்பிடித்து நின்று பார்த்துவிட்டுச் சொல்லட்டும். நெட்ஃபிளிக்ஸ் 4கே-க்குக் கேட்கும் வேகம் நொடிக்கு 15 மெகாபிட்; 4கே ப்ளூ-ரே தகடோ நொடிக்கு நூறு மெகாபிட்டுக்கும் மேல் தாங்கவல்லது. அகலப்படத்தின் மணற்புயலில் இந்த வேறுபாடு அப்பட்டமாகத் தெரியும். தளத்துக்காரர் நினைத்தால் நாளைக் காலையில் படத்தை எடுத்துவிடலாம், வெட்டிய பதிப்பை வைத்துவிட்டு வெட்டாததை நீக்கலாம். ஆனால் தகட்டுக்கும் காலம் குறைந்துகொண்டே வருகிறது. சாம்சங் 2019-இலேயே ப்ளூ-ரே பிளேயர் தொழிலை விட்டு விலகியது. பிறகு எல்ஜியும் விலகியது. இன்னும் சில ஆண்டுகளில் கேட்பதற்கே ஆளிருக்காது என்பதால்தான் இப்போது உரக்கக் கேட்கிறோம்.

நாங்கள் கேட்பது அதிகமில்லை. அகலத்திரைப் பதிப்பை விற்க வேண்டுமானால் விற்கட்டும். அத்தோடு எடுத்தபடியே உள்ள சட்டகத்தையும் தரட்டும். துகளைத் துடைக்காமல், மூலையில் சின்னம் குத்தாமல், எந்த நெகட்டிவிலிருந்து எடுத்தது, எத்தனை நிமிடம், எங்கே இழப்பு என்று உறையில் நான்கு வரி எழுதட்டும். அந்த நான்கு வரிக்காக மூத்த நண்பரும் எங்களோடு சேர்ந்து கையெழுத்திடுவார் என்று நம்புகிறோம். அஞ்சலட்டைச் சண்டையைப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

வருகிற மார்கழியில் மறுபடியும் மலையேறுகிறோம். அச்சிறுவன் போனில் கேட்டானாம்: "இந்த வாட்டி தமிழ்ப் படம் எடுத்தாருவீங்களா அண்ணா?" கர்ணனைக் காட்ட ஆசைதான். முழுச் சட்டகத்தில் ஒழுங்கான உயர்தெளிவுத் தகடு எதுவும் எங்கள் கைக்கு இதுவரை வரவில்லை. ஆகவே இம்முறையும் ஒரு பிரெஞ்சுப் படம்தான், 70 எம்.எம்.-இல் ஜாக் தாத்தி எடுத்த 'ப்ளேடைம்'. அதில் ஒரே சட்டகத்துக்குள் பத்து மூலையில் பத்து வேடிக்கை நடக்கும். எங்களைவிட அவன் அதிகம் கண்டுபிடிப்பான்.